உங்களுக்குத் தெரியுமா? – மறுக்கத் தெரிந்த மென்பொருள்

கூலிம் பட்டணத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே கைப்பேசியில் பணம் மாற்றிவிடுகிறோம். அந்தச் செயலியை எழுதியவர் மறையாக்கக் கணக்குகளைத் தாமே எழுதியிருக்க மாட்டார். ஓப்பன்எஸ்எஸ்எல், என்எஸ்எஸ், குனூடிஎல்எஸ் போன்ற ஏதாவது ஒரு நிரல் நூலகத்தை எடுத்துச் சேர்த்திருப்பார். அந்த நூலகங்களில் யார் ஒரு வரியை மாற்றினாலும், கணினி தானாகவே சோதனைகளை வரிசையாக ஓட்டிப் பார்க்கும். இந்த வாரத் துணுக்குகள் அந்தச் சோதனைகளைப் பற்றியவை. படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சரியானதை ஏற்கிறதா என்று சோதிப்பதில் எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான். தவறானதை மறுக்கிறதா என்று சோதிப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

★

ஓப்பன்எஸ்எஸ்எல் பிறந்தது 1998 டிசம்பரில். ஆஸ்திரேலியாவில் எரிக் யங், டிம் ஹட்சன் இருவரும் எழுதிய எஸ்எஸ்லீ என்ற நூலகம்தான் அதற்கு மூலம். மூலநிரல் இலவசம். இறக்கிக்கொண்டு 'கான்ஃபிகர்', 'மேக்', 'மேக் டெஸ்ட்' என்று மூன்று கட்டளைகள் கொடுத்தால் யாரும் அதைக் கட்டிச் சோதித்துவிடலாம்.

முதல் கட்டளையை லேசாக நினைக்க வேண்டாம். உங்கள் கணினியில் எந்த வகைச் சில்லு இருக்கிறது, எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. வேகத்துக்காக அசெம்பிளி மொழியில் எழுதப்பட்ட பகுதிகளை 'நோ-ஏஎஸ்எம்' என்று சொல்லி விலக்கினால், அதே கணக்கை சி மொழியில் எழுதிய வேறொரு நிரல் செய்யும். ஆக, ஒரு விதமாக அமைத்துச் சோதித்தவர் மற்ற விதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அதனால்தான் ஒரே மூலநிரலைப் பல அமைப்புகளில் திரும்பத் திரும்பக் கட்டி ஓட்டுகிறார்கள்.

★

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்து நிற்காதவருக்கு அன்றைக்கு வேலை கிடையாது. அமெரிக்க அரசின் ஃபிப்ஸ் 140 தரச்சான்று பெற்ற மறையாக்கத் தொகுதிகளுக்கும் அதே சட்டம்தான். வேலையில் இறங்குமுன், விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கைச் செய்து காட்ட வேண்டும். விடையில் ஓர் இலக்கம் பிசகினாலும் தொகுதி பிழைநிலைக்குப் போய்விடும். அதன்பின் எதையும் பூட்டாது, எதையும் திறக்காது. ஏஇஎஸ் முறைக்கான மாதிரிக் கணக்கு, 2001 நவம்பர் 26இல் வெளியான ஃபிப்ஸ் 197 ஆவணத்தின் பின்னிணைப்பிலேயே இருக்கிறது. பொறுமையுள்ளவர் பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டே சரிபார்க்கலாம்.

★

'ஹார்ட்பிளீட்' என்ற பெயர் 2014 ஏப்ரலில் உலகத்தையே கலக்கியது. விஷயம் மிக எளிது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு முனை சிறு செய்தியை அனுப்பும். மறுமுனை அதை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்புகிறவர் செய்தியோடு அதன் நீளத்தையும் எழுதுவார். ஓப்பன்எஸ்எஸ்எல் அந்த நீளத்தை அப்படியே நம்பியது. மூன்றே எழுத்தை அனுப்பிவிட்டு '64 கிலோபைட்' என்று பொய் எழுதினால், மிச்சத்தைத் தன் நினைவகத்திலிருந்து அள்ளிக் கொடுத்தது. கடவுச்சொல், ரகசியச் சாவி என்று எது அந்த நேரத்தில் பக்கத்தில் கிடந்ததோ, அது போயிற்று.

அந்த நிரல் சேர்க்கப்பட்ட நாள் 2011 டிசம்பர் 31. வெளியான பதிப்பில் வந்தது 2012 மார்ச்சில். கூகிளின் நீல் மேத்தாவும் ஃபின்லாந்தின் கோடனாமிக்கான் நிறுவனத்தாரும் தனித்தனியே கண்டுபிடிக்கும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. செய்தி வெளியான கையோடு, கனடாவின் வரித்துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்புறுதி எண்கள் களவு போயின. நேர்மையான நீளத்தோடு எத்தனை முறை சோதித்திருந்தாலும் எல்லாம் வெற்றி என்றுதான் வந்திருக்கும். பொய் சொல்கிற சோதனை ஒன்றே ஒன்று இருந்திருந்தால் போதும்.

அப்போது இந்த நூலகத்துக்கென முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். திட்டத்துக்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை சுமார் 2,000 அமெரிக்க டாலர். உலகமே சாய்ந்து நின்ற தூணுக்கு இவ்வளவுதான் சம்பளம்.

★

அந்தப் பொய் சொல்கிற சோதனையை மனிதர் உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. குப்பையைத் தானாக உருவாக்கி நிரலுக்குள் கொட்டும் கருவிகள் இருக்கின்றன. அந்த வித்தைக்கு 'ஃபஸ்ஸிங்' என்று பெயர். 1988இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பேராசிரியர் பார்ட்டன் மில்லர் இடிமழை இரவில் தொலைபேசி இணைப்பு வழியாகப் பல்கலைக்கழகக் கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். இடியால் கம்பியில் புகுந்த இரைச்சல் எழுத்துகளைக் கண்டபடி மாற்றியது. நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மழை விட்டதும் மாணவர்களிடம் அதையே வேண்டுமென்று செய்யச் சொன்னார். (பிற்பகல் இடிமழைக்குப் பஞ்சமில்லாத கூலிமில் இந்தக் கலை ஏன் பிறக்கவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.)

2015இல் ஹன்னோ பெக் என்ற ஜெர்மானியர் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பை எடுத்து, ஏஎஃப்எல் என்ற இலவச ஃபஸ்ஸிங் கருவியிடம் கொடுத்தார். நினைவகத்தில் எல்லை மீறினால் உடனே கத்தும் காவல் வசதியையும் சேர்த்துக் கட்டியிருந்தார். சுமார் ஆறு மணி நேரத்தில் ஹார்ட்பிளீட் அகப்பட்டது.

★

இப்போது கூலிமுக்கே வருவோம். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. ஜெர்மனியின் இன்ஃபினியான் நிறுவனம் 2006இல் இங்கே ஆலை திறந்தது. 2024 ஆகஸ்டில் சிலிக்கான் கார்பைடு சில்லுகளுக்கான புதிய பகுதியைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் முன்னிலையில் தொடங்கியது. பாடாங் செராயிலும் லூனாஸிலும் அந்தப் பெயரைத் தெரியாத வீடு குறைவு. மின்சக்திச் சில்லுகளுக்குப் பெயர்போன இந்த ஆலைக்கும் நாம் சொல்லப்போகும் கதைக்கும் தொடர்பில்லை. கதை, அதே நிறுவனத்தின் பாதுகாப்புச் சில்லுகளுக்குள் ஓடிய ஒரு மறையாக்க நூலகத்தைப் பற்றியது.

ஆர்எஸ்ஏ முறையில் சாவி செய்ய இரண்டு பெரிய பகா எண்கள் வேண்டும். அவற்றைத் தேடிப் பிடிக்க நேரமாகும். அட்டைக்குள் இருக்கும் சின்னச் சில்லுக்கோ பொறுமை கிடையாது. எனவே அந்த நூலகம் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் அமையும் பகா எண்களை மட்டும் தேடியது. வேகம் கிடைத்தது. சாவி பூட்டியது, திறந்தது, கையொப்பமிட்டது. எல்லாச் சோதனையிலும் தேறியது. உயர்ந்த தரச்சான்றுகளும் வாங்கியது. 2017 அக்டோபரில் செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குட்டை உடைத்தார்கள். பொதுச் சாவியைச் சில சிறிய பகா எண்களால் வகுத்து மீதியைப் பார்த்தாலே, அது இந்த நூலகத்தில் பிறந்ததா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடலாம். வடிவம் தெரிந்தபின் உடைப்பதும் சுலபமாகிவிடுகிறது. 1024 பிட் சாவிக்கு 40 முதல் 80 அமெரிக்க டாலர், 2048 பிட் சாவிக்கு 20,000 முதல் 40,000 டாலர் கணினி வாடகை போதும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். எஸ்தோனியாவில் சுமார் 7,50,000 அடையாள அட்டைகள் சிக்கின. நவம்பரில் அந்நாட்டு அரசு அவற்றின் மின்சான்றிதழ்களை நிறுத்திவைத்தது.

இதற்கு 'ரோக்கா' என்று பெயர் வைத்தார்கள். சோதனை எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு தலைவலி இருக்கிறது. வடிவம் தெரியாதவரை, ஒரு சாவியைத் தனியே எடுத்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. பல சாவிகளை ஒன்றாகக் குவித்து, இவற்றுக்கு ஏன் ஒரே சாயல் என்று கேட்டால்தான் தெரியும்.

★

அதே இன்ஃபினியானுக்கு 2024 செப்டம்பரில் இன்னொரு குட்டு. பிரான்சின் நிஞ்சாலேப் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமஸ் ரோஷ், கையொப்பக் கணக்கின் ஒரு படி எல்லா எண்களுக்கும் ஒரே நேரம் எடுப்பதில்லை என்று காட்டினார். சில்லைக் கையில் வைத்து, அதிலிருந்து கசியும் மின்காந்த அலையை அளந்தால் ரகசியச் சாவி வெளிவரும். உள்நுழைவுக்குப் பயன்படும் யூபிகீ 5 வரிசைச் சாவிக் கருவிகளின் பழைய பதிப்புகளும் இதில் மாட்டின. 14 ஆண்டுகளாக, சுமார் 80 உயர்தரச் சான்றாய்வுகளின் கண்ணில் படாமல் இருந்த ஓட்டை அது. விடை சரியா என்று பார்க்கும் சோதனை, விடை சொல்ல எடுத்த நேரத்தைப் பார்ப்பதில்லை.

★

2011 நவம்பரில் மலேசியாவின் பெயரும் இந்தத் துறையின் கறுப்புப் பட்டியலில் ஏறியது. டிஜிசர்ட் செண்டிரியான் பெர்ஹாட் என்ற உள்நாட்டுச் சான்றிதழ் நிறுவனம் (இதே பெயருள்ள அமெரிக்க நிறுவனம் வேறு) 22 சான்றிதழ்களை 512 பிட் சாவியோடு வழங்கியிருந்தது. 512 பிட் ஆர்எஸ்ஏ எண்ணை உடைக்கலாம் என்று 1999 ஆகஸ்டிலேயே உலகம் நிரூபித்துவிட்டது. பன்னிரண்டு வருடம் கழித்தும் அதே அளவு! போதாக்குறைக்கு, சான்றிதழ்களை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற வரம்பும், ரத்துசெய்யத் தேவையான விவரமும்கூட அவற்றில் இல்லை. மொசில்லாவும் மைக்ரோசாஃப்டும் அந்த நிறுவனத்தின் மீதிருந்த நம்பிக்கையையே தங்கள் மென்பொருளிலிருந்து நீக்கின. அதே மாதம், மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிலையமான மார்டியின் சான்றிதழால் கையொப்பமிடப்பட்ட தீங்குநிரல் ஒன்றை ஃபின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவனம் கண்டுபிடித்தது.

குற்றம் வழங்கியவர் மீது மட்டுமா? என் கணக்கில், உலாவிக்குள் இருந்த நூலகங்களும் பங்காளிகளே. 512 பிட் என்று தெரிந்தும் அவை வாயைத் திறக்கவில்லை. 2016இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.0 பாதுகாப்பு நிலைகள் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் வந்த 3.2 பதிப்பு அதை ஒரு படி ஏற்றியது. 2048 பிட்டுக்குக் குறைந்த ஆர்எஸ்ஏ சாவியை இன்று அது தானாகவே தள்ளிவிடும்.

★

தொலைவிலிருந்து சேவையகத்துக்குள் நுழைய உதவும் லிப்எஸ்எஸ்ஹெச் நூலகத்தில் 2018 அக்டோபரில் வெளிவந்த ஓட்டை இந்தத் துறையின் நகைச்சுவைத் துணுக்கு. கடவுச்சொல் சரியாக இருந்தால் 'அனுமதித்தேன்' என்று சேவையகம் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை வாடிக்கையாளரே முந்திக்கொண்டு சொன்னால்? 'அப்படியா, வாருங்கள்' என்று உள்ளே விட்டுவிட்டது.

★

ஆப்பிளின் 2014 பிப்ரவரிப் பிழை அதைவிடச் சின்னது. 'கோட்டூ ஃபெயில்' என்ற ஒரே வரி தவறுதலாக இரண்டு முறை இருந்தது. இரண்டாவது வரிக்கு நிபந்தனை இல்லாததால், சேவையகத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் கட்டம் முழுவதையும் நிரல் தாண்டிப் போனது. போலிக் கையொப்பத்தோடு ஒரு சோதனை இருந்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

★

சோதனைக் கருவி சொன்னதைக் கேட்டே கெட்ட கதையும் உண்டு. நினைவகத் தவறுகளைத் தேடும் வால்கிரைண்டு என்ற கருவி, ஓப்பன்எஸ்எஸ்எல்லின் இரண்டு வரிகளைப் பற்றி ஓயாமல் புகார் செய்தது. 2006இல் டெபியன் லினக்ஸ் பராமரிப்பாளர் அவற்றை விலக்கினார். புகார் நின்றது. கூடவே, சாவி செய்யத் தேவையான தற்செயல் தன்மையும் நின்றுவிட்டது. மிஞ்சியது ஓடும் நிரலின் வரிசை எண் மட்டும். ஒரு வகைச் சாவிக்கு மொத்தமே 32,768 சாத்தியங்கள்! 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடிக்கும்வரை ஏறக்குறைய இருபது மாதம் எல்லாச் சோதனைகளும் பச்சை விளக்குதான் காட்டின. ஒவ்வொரு முறையும் வேறு வேறு சாவி வந்ததால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

★

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியோடு வரும் என்எஸ்எஸ் நூலகம் நெட்ஸ்கேப் காலத்துச் சொத்து. அதன் சோதனைகளை ஓட்ட 'ஆல்.எஸ்ஹெச்' என்ற ஒரே கோப்பை அழைத்தால் போதும். ஆனால் அதற்கு முன் 'ஹோஸ்ட்', 'டோம்சஃப்' என்று இரண்டு மாறிகளில் உங்கள் கணினியின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். காரணம், அந்தச் சோதனை உங்கள் கணினிக்குள்ளேயே உண்மையான சேவையகத்தை எழுப்பி, சான்றிதழ் செய்து கொடுத்து, வாடிக்கையாளரை அனுப்பிப் பேச வைக்கிறது. பெயர் பிசகினால் நிரலில் குறையே இல்லாவிட்டாலும் சோதனைகள் சரியும். புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

இத்தனை ஏற்பாடு இருந்தும் 2021 டிசம்பரில் கூகிளின் டாவிஸ் ஆர்மண்டி அதில் ஒரு பெரிய ஓட்டையை அறிவித்தார். 16,384 பிட்டுக்கு மேற்பட்ட கையொப்பம் வந்தால், ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதிவிடும். 2012 முதல் இருந்த குறை. ஃபஸ்ஸிங் தவறாமல் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்குக் கொடுக்கும் தரவின் நீளத்துக்கு ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். அதைவிட நீண்ட தரவு உள்ளே வரவே வழியில்லை.

★

தமிழில் ஒரு சோதனை முகவரி இணையத்தில் இருந்தது தெரியுமா? 2007 அக்டோபரில், ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் இணையப் பெயர் வேலை செய்யுமா என்று பார்க்கப் பல மொழிகளில் பதினொரு சோதனைப் பெயர்களை நிறுவினார்கள். அவற்றில் தமிழும் ஒன்று: உதாரணம்.பரிட்சை. பிறகு இந்தியாவும் இலங்கையும் சிங்கப்பூரும் தமிழிலேயே தங்கள் நாட்டுக் களப்பெயரைப் பெற்றுக்கொண்டன. மலேசியாவுக்கு ஜாவியில் உண்டு, தமிழில் இல்லை.

தமிழ்ப் பெயர்கள் கம்பிக்குள் போகும்போது 'ப்யூனிகோடு' என்ற முறையில் ஆங்கில எழுத்துகளாகிவிடும். மறுமுனையில் அவிழ்க்கும் சிறு நிரலில்தான் 2022 நவம்பர் 1 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல் இன்னொரு ஓட்டையை அறிவித்தது. கெட்ட எண்ணத்தோடு செய்த மின்னஞ்சல் முகவரி ஒன்று சான்றிதழில் இருந்தால், அவிழ்க்கும்போது நான்கு பைட் வெளியே வழியும். முதலில் 'மிகக் கடுமையானது' என்று முன்னறிவிப்பு வந்ததால் ஒரு வாரம் உலகமெங்கும் கணினிப் பொறுப்பாளர்கள் தூங்கவில்லை. பிறகு ஒரு படி இறக்கினார்கள்.

★

எல்லாம் சரியாக இருந்தும் சோதனை தோற்கலாம். 2022 ஜூன் 1 அன்று உலகமெங்கும் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 பதிப்புகளைக் கட்டியவர்களுக்கு, முந்தின நாள்வரை தேறிய சோதனைகள் திடீரென்று தோற்றன. நிரலில் யாரும் கை வைக்கவில்லை. சோதனைக்காகச் செய்து வைத்திருந்த சான்றிதழ்கள் காலாவதியாகிவிட்டன, அவ்வளவுதான். காலாவதியான சான்றிதழை நூலகம் மறுத்தது. நியாயப்படி பார்த்தால் அதுதான் அன்றைய தினத்தின் மிகச் சரியான சோதனை.

★

2016 டிசம்பரில் கூகிள் வெளியிட்ட 'வைச்சிப்ரூஃப்' தொகுப்பு, நூலகங்கள் ஏமாறக்கூடிய தந்திரமான உள்ளீடுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. தொடக்கத்தில் 80க்கு மேற்பட்ட சோதனைகள். அவை அதற்குள் 40க்கு மேற்பட்ட பாதுகாப்புப் பிழைகளைப் பிடித்திருந்தன. பெயர், ஆஸ்திரேலியாவில் உலகின் மிகச் சிறிய மலை என்று சொல்லப்படும் குன்றுடையது. ஏறி முடிக்கக்கூடிய இலக்காக இருக்கட்டும் என்று அப்படி வைத்தார்களாம். 1,217 மீட்டர் குனோங் ஜெராயைப் பார்த்து வளர்ந்த கெடாக்காரர்களுக்கு அந்தக் குன்று மலையாகவே தோன்றாது.

★

தவறானதை மறுக்கிறதா என்று சோதிக்க, வேண்டுமென்றே கெடுத்த கோப்புகள் வேண்டும். அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை, குப்பைதானே. 2024 மார்ச் 29 அன்று வெளிவந்த எக்ஸ்இசட் சதி அந்த அலட்சியத்தைத்தான் பயன்படுத்தியது. கோப்புச் சுருக்க நூலகம் ஒன்றில், இரண்டு ஆண்டுக்கு மேல் நல்லவராக நடித்துப் பொறுப்பைப் பிடித்த ஒருவர், சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் கள்ளக்கதவின் துண்டுகளைப் போட்டு வைத்தார். கட்டும்போது அவை வெளியே வந்து, தொலைவிலிருந்து சேவையகத்துக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் மென்பொருளுக்குள் புகுந்துகொள்ளும். பிடித்தது எந்தத் தானியங்கிச் சோதனையும் அல்ல. உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று எரிச்சல்பட்டுக் காரணத்தைத் தேடிய ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர்.

★

வீட்டில் லினக்ஸ் கணினி வைத்திருக்கும் மாணவர்கள் ஓப்பன்எஸ்எஸ்எல்லை இன்றைக்கே ஓட்டிப் பார்க்கலாம். 'ஹார்னஸ்_ஜாப்ஸ்' என்ற மாறியில் 4 என்று கொடுத்தால் நான்கு சோதனைகள் ஒரே நேரத்தில் ஓடும்; 'டெஸ்ட்ஸ்' என்பதில் ஒரு பெயரைக் கொடுத்தால் அது மட்டும் ஓடும்; 'வி=1' சேர்த்தால் ஒவ்வொரு உட்படியும் திரையில் வரும். ஒரு நிபந்தனை உண்டு: நிர்வாகிக் கணக்கிலிருந்து ஓட்டவே கூடாது என்று நிறுவும் வழிகாட்டியிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. சோதனைகளில் ஒன்று, எழுத அனுமதியில்லாத கோப்புறை ஒன்றைச் செய்து, அங்கே வேலை நடக்காமல் தோற்கிறதா என்று பார்க்கும். நிர்வாகிக்குக் கணினி எதையும் மறுக்காதே! அதனால் அந்தப் படியைத் தாண்டிப் போய்விடும். திரையின் கடைசி வரியில் அப்போதும் 'பாஸ்' என்றுதான் வரும்.